பாக்கியசீலன் எழுதிய ஒரே கடிதம்

பாளையங்கோட்டை
10.6.2024

மதிப்பிற்குரிய திருமதி சுகிர்தம் பாக்கியசீலன் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி ஆவணக் காப்பகத்திலிருந்து ரீபா எழுதுகிறேன். சென்ற மாதம் உங்கள் சபையின் அசனப் பண்டிகை விருந்தன்று, பழைய காகிதங்கள் இருந்தால் கொடுங்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டவள் நான்தான். உங்கள் மகன் சுஜின் வீட்டு உத்தரத்திலிருந்து இறக்கிக் கொடுத்த கம்பி பத்திரமாக வந்து சேர்ந்தது.

வந்த கடிதங்களை மடித்துக் கம்பியில் குத்தி மாட்டிவைக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்ததாம். ஆனால் நூற்று நாற்பது வருடம் ஒரே கம்பியில் குத்திக்கொண்டே வந்த வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன். மேலே உங்கள் கரண்ட் பில்கள். அவற்றைத் தனி உறையில் வைத்திருக்கிறேன், திருப்பித் தருவேன். நடுவில் உங்கள் மாமனாருக்கு வந்தவை. எல்லாவற்றுக்கும் அடியில், உங்கள் கணவரின் பூட்டனார் ஞானாபரணம் இங்கே கல்லூரியில் எப்.ஏ. படித்த காலத்தில் எழுதிய கடிதங்கள். பெரும்பாலும் அவருடைய தகப்பனாருக்கு. நல்லெண்ணெய் வராததால் தலை காய்ந்து கணிதம் ஏறவில்லை என்று ஒன்றில் எழுதியிருக்கிறார்.

ஒன்று மட்டும் அவருக்கு நிச்சயம் செய்திருந்த அன்னப்பாக்கியம் என்ற பெண்ணுக்கு, 1884இல் எழுதியது. அதில் இப்படி வருகிறது: “பொருநையில் நீராடும்போதெல்லாம் இந்த ஜலம் உன் ஊர்ப்பக்கம் போகாதிருக்கிறதே என்று விசனமாயிருக்கிறது.”

ஆகஸ்ட் மாதம் கல்லூரியில் ஒரு கண்காட்சி வைக்கிறோம். இந்தக் கடிதத்தை அதில் வைக்க உங்கள் அனுமதி வேண்டும். போனில் பலமுறை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ரீபா

களக்காடு
17.6.2024

ரீபா டீச்சருக்கு சுகிர்தம் எழுதிக்கொள்வது. இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன் அடித்தது தெரியும். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் போன நவம்பரில் இறந்ததிலிருந்து போனில் யார் குரல் கேட்டாலும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. எல்லோரும் “எப்படி இருக்கீங்க”ன்னுதானே ஆரம்பிக்கிறார்கள். எழுதினால் அழுகை வரவில்லை. எழுத்துக் கூட்டுவதற்கே நேரம் சரியாகப் போய்விடுகிறது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பியைக் கொடுத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆளே போனபிறகு காகிதம் எதற்கு என்று சுஜினிடம் தலையாட்டிவிட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்ததும் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எழுதியிருக்கிற அந்த வரி எனக்கு மனப்பாடம் டீச்சர். அது என் வீட்டுக்காரர் எனக்கு எழுதினது.

எண்பத்தெட்டில் எங்களுக்கு நிச்சயமாகி, கல்யாணம் நான்கு மாதம் தள்ளிப்போனது. அவர் களக்காட்டில் அருணாசலம் அண்ணாச்சியின் வாழைத்தார் மண்டியில் வேலை பார்த்தார். நான் ராதாபுரம் பக்கம், குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைகிற ஊரில் இருந்தேன். அப்போது எனக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை. அந்த ஒன்றுதான். அதைக் கம்பியில் குத்த நான் சம்மதிக்கவில்லை. மெஷின் பெட்டிக்குள் நூல்கண்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அதில் இந்த ஆற்று வரி அப்படியே இருக்கிறது. களக்காட்டிலிருந்து தாமிரபரணிக்கு எப்படிக் குளிக்கப் போனீர்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன். “பஸ்ல போய்க் குளிச்சேம்ட்டி” என்றார். எனக்காக ஒரு மனுஷன் பஸ் ஏறிப் போய்க் குளித்தான் என்று இத்தனை வருடம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தயவுசெய்து அந்தக் கடிதம் முழுவதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து எழுதினாரா, எல்லாவற்றையும் பார்த்து எழுதினாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். அவருடைய பேச்சு என்று என்னிடம் இருப்பது அது மட்டும்தான். அனுமதி பற்றிப் பிறகு பேசுவோம்.

இப்படிக்கு,
சுகிர்தம்

பாளையங்கோட்டை
22.6.2024

அன்புள்ள சுகிர்தம் அம்மா,

உங்கள் கணவர் இறந்தது எனக்குத் தெரியாது. சுஜின் அண்ணன் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, இதை அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்தேன். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், மறைக்க எனக்கு உரிமையில்லை. பழைய எழுத்தை வாசிக்க வசதியாக நான் எழுதிவைத்திருக்கிற படியை அப்படியே தருகிறேன்.

“என் இருதயத்துக்கு மிகவும் பிரியமான அன்னப்பாக்கியத்துக்கு எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் சுகம். பொருநையில் நீராடும்போதெல்லாம் இந்த ஜலம் உன் ஊர்ப்பக்கம் போகாதிருக்கிறதே என்று விசனமாயிருக்கிறது. உன் முகத்தை நினைக்கும்போது அந்த விசனம் நீங்கிப்போகிறது. ஊருக்கு வர ஆசையாயிருந்தும் துரையவர்கள் விடுமுறை கொடுக்கமாட்டேன் என்கிறார். கோபக்காரரானாலும் நல்லவர். நமக்கென்று ஒரு வீடு உண்டாகும்போது அதிலே ஜெபம் அவசியம் இருக்கவேண்டும். உனக்கு ஒருநாளும் துக்கம் வரவிடமாட்டேன் என்று இந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறேன். நேரில் உன்னைப் பேர் சொல்லி அழைப்பேன். மனதுக்குள் கண்மணி என்றே அழைத்துக்கொண்டிருக்கிறேன். இப்படிக்கு, உன்னையன்றி வேறொன்றும் படிக்க மனமில்லாத ஞானாபரணம்.”

இவ்வளவுதான் அம்மா. உங்களுக்கு வந்ததோடு ஒத்துப்பார்த்து, மனமிருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ரீபா

களக்காடு
1.7.2024

ரீபா டீச்சருக்கு ஸ்தோத்திரம்.

ஒத்துப்பார்த்தேன். ஒரு கையில் உங்கள் காகிதம், ஒரு கையில் என் காகிதம். வரிக்கு வரி அதேதான். அன்னப்பாக்கியம் இருந்த இடத்தில் சுகிர்தம். ஞானாபரணம் இருந்த இடத்தில் பாக்கியசீலன். “உன்னையன்றி வேறொன்றும் படிக்க மனமில்லாத” என்பதைக்கூட விடவில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அடித்தார் என்று பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்த மனுஷன் அவர். அவருக்குப் படிக்க மனமில்லாமல் போனதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

அந்தத் துரை விஷயம் கேளுங்கள். துரையவர்கள் லீவு கொடுக்க மறுக்கிறார் என்றால் மண்டி முதலாளி அருணாசலம் அண்ணாச்சியைத்தான் கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அண்ணாச்சியை வீட்டில் துரை என்றுதான் சொல்லுவேன். “துரைக்கு இன்னைக்கு என்ன கோவம்?” என்பேன். சுஜினும் துரை தாத்தா என்றே கூப்பிட்டு வளர்ந்தான். ஒருநாள் அண்ணாச்சி முகத்துக்கு நேராகவே கூப்பிட்டுவிட்டான். அவருக்கு அது பிடித்துப்போய், அன்றைக்கு ஒரு தாரையே கொடுத்துவிட்டார். கடைசியில் பார்த்தால் அது யாரோ வெள்ளைக்கார வாத்தியார். இத்தனை வருடம் நான் “துரை துரை” என்று சொல்லும்போது எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த மனுஷன்.

கோபத்தில் அவர் போட்டோவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன். எதிர்வீட்டு முத்துராணி வந்து பார்த்துவிட்டு, “ஏங்க்கா, அண்ணன் அங்கன என்னத்தப் பாக்காவ?” என்று கேட்டாள். அவள் போகட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் காகிதத்தில் நான்கு இடம் தப்பாக இருக்கிறது. நீங்கள் ‘உன் முகத்தை நினைக்கும்போது’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னுடையதில் ‘உன் கருவாட்டுக் குழம்பை நினைக்கும்போது அந்த விசனம் நீங்கிப்போகிறது’ என்று இருக்கிறது. அவர்கள் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாளே வந்து நின்றுவிட்டார்கள். வீட்டில் நான் வைத்த வாளைக் கருவாட்டுக் குழம்புதான் இருந்தது. வெட்கப்படாமல் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதைத்தான் எழுதுகிறார் என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் ‘ஜெபம் அவசியம் இருக்கவேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னுடையதில் ‘நாய் அவசியம் இருக்கவேண்டும்’. ‘துக்கம் வரவிடமாட்டேன்’ என்கிற இடத்தில் ‘பசி வரவிடமாட்டேன்’. கடைசியில் கண்மணி என்கிற இடத்திலும் வேறு வார்த்தை. அதை எழுத மாட்டேன்.

நீங்கள் வாசித்ததில் தப்பு வந்திருக்கும் என்று என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய எழுத்து, கண்ணுக்குப் பிடிபடாது. ஒருவேளை அந்தப் பூட்டனாரே கருவாடு என்றும் நாய் என்றும்தான் எழுதியிருப்பாரோ? அப்படியானால் எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை டீச்சர். நல்ல வெளிச்சத்தில் வைத்து இன்னொரு முறை பார்த்துச் சொல்லுங்கள். எதுவானாலும் உள்ளதைச் சொல்லுங்கள்.

சுகிர்தம்

பாளையங்கோட்டை
6.7.2024

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் மத்தியானம் வந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபடி வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பூட்டனார் கடிதத்தை எடுத்தேன்.

நான் தப்பாக வாசிக்கவில்லை. அந்த நான்கு இடத்தில் வாசிக்க எதுவுமே இல்லை. ஓட்டைதான் இருக்கிறது.

கடிதத்தை நான்காக மடித்துக் கம்பியில் குத்தியிருக்கிறார்கள். அதனால் விரித்துப் பார்த்தால் நான்கு ஓட்டை. கம்பியின் துரு காகிதத்தை அரித்து அரித்து ஒவ்வொன்றும் இப்போது ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு இருக்கிறது. சரியாக ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை போயிருக்கிறது. வாசிப்பவர்களுக்குத் தடையாக இருக்கும் என்று முகம், ஜெபம், துக்கம், கண்மணி எல்லாவற்றையும் நானாகத்தான் ஊகித்துப் போட்டேன். அந்தக் காலத்துக் கல்லூரி மாணவர் வேறு என்ன எழுதியிருப்பார் என்று நினைத்தேன். அதை உங்களுக்கு எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

முதல் ஓட்டையின் ஓரத்தில் பாதி ‘மு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் பூட்டனார் கருவாடு என்று எழுதவில்லை, அது உறுதி. மற்ற மூன்றில் ஒரு கோடுகூட மிச்சமில்லை.

அம்மா, எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? எண்பத்தெட்டில் உங்கள் வீட்டுக்காரரும் இதே ஓட்டைகளுக்கு முன்னால் என்னைப் போலத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஜெபம் என்று போட்டேன். அவர் நாய் என்று போட்டார்.

ஆனால் நீங்கள் உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள். அப்போதே ஓட்டை இவ்வளவு பெரிதாக இருந்ததா என்று காகிதத்தை வைத்து என்னால் சத்தியம் செய்ய முடியாது. பின்னால் அரித்ததாகவும் இருக்கலாம். அவர் அதை எழுதியபோது பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது இப்போது இருக்கிறார்களா?

ரீபா

களக்காடு
19.7.2024

அன்பான ரீபாவுக்கு (டீச்சர் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை),

இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா, எப்சி மைனி. அந்தக் கடிதத்தை எண்பத்தெட்டில் என் கையில் கொண்டுவந்து கொடுத்ததே அவர்கள்தான். இப்போது கல்லிடைக்குறிச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். தம்பி அடக்கத்துக்கு வந்து போனபிறகு மைனியை நான் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேரும் அழுவோம் என்று நானும் போகவில்லை, அவர்களும் வரவில்லை.

வியாழக்கிழமை கிளம்பிப் போனேன். மைனி ஆற்றில் இருப்பதாகச் சொன்னார்கள். படித்துறையில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, நீங்கள் எழுதினதை எல்லாம் சொன்னேன். மைனி துணியைக் கல்லில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள்.

“ஏட்டி சுகிர்தம், அவன் பாத்து எழுதுனான்னு இப்பந்தான் ஒனக்குத் தெரியுதா?”

மைனிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதலில் மைனியைத்தான் எழுதித்தரச் சொல்லிக் கெஞ்சினாராம். மைனி பத்தாவது பாஸ். “ஒம் பொண்டாட்டிக்கு நான் எதுக்குலே எழுதணும்?” என்று விரட்டிவிட்டார்களாம். பிறகுதான் அவர் கம்பியை இறக்கி, எல்லாக் கடிதத்தையும் ஒவ்வொன்றாக உருவி, அடியில் கிடந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார். மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். மைனி பால் கறந்து முடிப்பதற்குள் எழுதி முடித்துவிட்டாராம். அப்புறம் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்திருக்கிறார். மைனி சொன்னதை அவர்கள் பேசின மாதிரியே எழுதுகிறேன்.

“எக்கா, இங்கன ஓட்டையா கெடக்கு. இதுல பூட்டையா என்ன எழுதியிருப்பாரு?”

“பூட்டையாகிட்டயே போய்க் கேளு.”

“வெளையாடாதக்கா. நான் இப்ப என்னத்த எழுத?”

“அவரு அவருக்குத் தோணுனத எழுதுனாரு. ஒனக்குத் தோணுனத நீ எழுதுலே.”

அவ்வளவுதான், ஆள் மாறிப்போனாராம். அந்த வாரம் முழுவதும் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். மண்டியில் தார் எண்ணுகிறபோது பாதியில் மறந்து நின்று அண்ணாச்சியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். சோற்றில் கை வைத்துக்கொண்டு மேலே பார்ப்பாராம். என்னலே என்று கேட்டால், “இன்னும் ரெண்டு ஓட்டை இருக்குக்கா” என்பாராம்.

எழுதி முடித்து மைனியிடம் காட்டியபோது, “கட்டிக்கப்போற புள்ளைக்கு எவனாவது கருவாடுன்னு எழுதுவானாலே? அடிச்சுட்டு வேற எழுது” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. “எனக்கு அதாங்க்கா தோணுது” என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு மைனி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலில் பையத்தான் சிரித்தேன். பிறகு அடக்க முடியவில்லை. சோப்புப் போட்ட சேலை ஒன்று நழுவித் தண்ணீரோடு போய்விட்டது. கீழ்ப்படியில் குளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அதைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, “என்ன விசேஷம்?” என்று கேட்டாள். “எந் தம்பி லவ் லெட்டர் எழுதியிருக்கான்” என்று மைனி சொல்லவும் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. அவர் போனபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு கொஞ்சம் அழுதோம். அதுவும் நடந்தது. ஆனால் நான் பயந்த மாதிரி இல்லை.

ரீபா, பார்த்து எழுதுவதற்குப் பால் கறக்கிற நேரம்தான் ஆகியிருக்கிறது. அந்த நான்கு வார்த்தைக்கு ஒரு வாரம். அந்த வீட்டில் கடைசி வரைக்கும் நாய் இல்லாத நாள் கிடையாது. ஒன்று செத்தால் மறுநாளே இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். எங்கள் ஊரில் நான் பசியோடு படுத்த நாள் உண்டு. அவரிடம் அதை நான் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்ததோ. மண்டியிலிருந்து வரும்போது ஒருநாளும் கை வீசி வந்ததில்லை, ஒரு சீப்புப் பழமாவது இருக்கும். சுஜினுக்கு வாழைப்பழம் என்றாலே இப்போதும் ஓட்டம்தான்.

நான்காவது வார்த்தையை மைனியும் பார்க்கவில்லையாம். அதை மட்டும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு காட்டினாராம்.

போட்டோவைத் திருப்பி வைத்துவிட்டேன். முத்துராணியிடம், “பாத்து முடிச்சிட்டாவ” என்று சொன்னேன்.

சுகிர்தம்

பாளையங்கோட்டை
25.7.2024

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். கோபிக்காதீர்கள். எங்கள் பொறுப்பாளர் அருள்தாஸ் சார் சாதாரணமாகச் சிரிக்க மாட்டார். “இன்னும் ரெண்டு ஓட்டை இருக்குக்கா” என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அவர் ஒன்று கேட்கச் சொன்னார். கண்காட்சியில் பூட்டனார் கடிதத்தையும் உங்களுக்கு வந்த கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா? கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்போம். நானே பக்கத்தில் இருப்பேன். முடிந்ததும் நானே கொண்டுவந்து உங்கள் மெஷின் பெட்டியில் வைத்துவிடுவேன்.

எனக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. டிசம்பரில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஷிபின் மஸ்கட்டில் இருக்கிறான். போன வாரம் வாட்ஸ்அப்பில் அவ்வளவு அழகாக ஒரு செய்தி அனுப்பினான். நிலா, கடல், காத்திருப்பு என்று ஒரு பக்கம். நானும் சந்தோஷத்தில் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீயா எழுதினாய் என்று கேட்டதற்கு, போனில் கேட்டால் அதுவே எழுதித் தருகிறது என்று பெருமையாகச் சொல்கிறான். உங்கள் வீட்டுக்காரராவது தொழுவத்தில் உட்கார்ந்து கை வலிக்க எழுதினார். இரண்டு நாளாக அவனிடம் பேசவில்லை.

ரீபா

களக்காடு
2.8.2024

அன்பான ரீபாவுக்கு,

என் காகிதத்தைத் தர மாட்டேன். கோபம் இல்லை. பெட்டியிலிருந்து அது வெளியே போனால் எனக்குத் தையல் ஓடாது.

பூட்டனார் கடிதத்தைத் தாராளமாக வையுங்கள். ஆனால் அந்த ஓட்டைகளில் முகம், ஜெபம் என்று நீங்கள் போட்டதை எடுத்துவிடுங்கள். பாவம், அவர் என்ன எழுதினாரோ, அது அவருக்கும் அன்னப்பாக்கியத்துக்கும். ஓட்டையை ஓட்டையாகவே விடுங்கள். பக்கத்தில் ஒரு அட்டையில், இதைப் பார்த்து எழுதியவர் பாக்கியசீலன், வாழைத்தார் மண்டி, களக்காடு என்று பெரிய எழுத்தில் போடுங்கள். முதல் மூன்று ஓட்டைக்கு அவர் எழுதின வார்த்தையையும் போடுங்கள். கருவாட்டை விட்டுவிடக்கூடாது. நான்காவதற்கு ஒன்றும் போட வேண்டாம்.

இப்படியென்றால் எனக்குச் சம்மதம். மைனியும் நானும் வருவோம்.

ஷிபினோடு பேசாமல் இருக்காதே மக்கா. (நீ என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.) அவன் அனுப்பினதை அப்படியே எடுத்து, நான்கு வார்த்தையை அழித்துவிட்டு அவனுக்கே திருப்பி அனுப்பு. இதை நிரப்பி அனுப்பு, ஆனால் போனிடம் கேட்கக்கூடாது என்று சொல். என்ன வருகிறதென்று பார்.

சுகிர்தம்

பாளையங்கோட்டை
27.8.2024

அன்புள்ள அம்மா,

நீங்களும் எப்சி ஆன்ட்டியும் வந்துபோன பிறகு கூட்டம் இன்னும் அதிகமாகிவிட்டது. கல்லூரியின் பழைய மணி, பழைய சீருடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லோரும் நம் பெட்டிக்கு முன்னால்தான் நின்றார்கள். கருவாட்டைக் கண்டதும் ஒரு சிரிப்பு, நாயைக் கண்டதும் ஒரு சிரிப்பு, மூன்றாவதில் சத்தம் இருக்காது. பிறகு நான்காவது என்ன என்று என்னிடம் வருவார்கள். எனக்கே தெரியாது என்றால் யாரும் நம்பவில்லை.

தொல்லை தாங்காமல் அருள்தாஸ் சார் ஒரு டப்பாவை வைத்து, நினைப்பதை எழுதிப் போடச் சொல்லிவிட்டார். டப்பா நிறைந்துவிட்டது. எல்லாச் சீட்டையும் இதோடு அனுப்புகிறேன். ராசாத்தி, தங்கம், செவ்வந்தி, புறாக்குஞ்சு, மகாராணி. ஒருவர் ‘ரசகதலி’ என்று எழுதியிருக்கிறார், வாழை மண்டிக்காரர் என்பதால். ஒருவர் ‘ஏட்டி’ என்று எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறார்.

ஷிபினும் நிரப்பி அனுப்பிவிட்டான். நிலா இருந்த இடத்தில் ‘எங்கம்மா’ என்று போட்டிருக்கிறான். “உன்னைப் பார்க்கும்போது எனக்கு எங்கம்மா ஞாபகம்தான் வருகிறது” என்று வருகிறது. அடித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் காத்திருப்பு இருந்த இடத்தில் ‘பயம்’ என்று எழுதியிருந்தான். கல்யாணத்தை நினைத்தால் அவனுக்கும் பயமாக இருக்கிறதாம். எனக்கும்தான் என்று சொன்னேன். அன்றைக்கு வெகுநேரம் பேசினோம்.

அம்மா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சீட்டுகளில் அந்த வார்த்தை இருக்கிறதா? வார்த்தையைச் சொல்ல வேண்டாம். இருக்கு, இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்.

ரீபா

களக்காடு
3.9.2024

அன்பான ரீபாவுக்கு,

சீட்டுகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்து, எல்லாவற்றையும் மெஷின் மேல் பரப்பி, எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் போட்டோவில் இருக்கிற அவருக்கு வாசித்துக் காட்டினேன். புறாக்குஞ்சு வந்தபோது நான் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது. மகாராணியை ஓரமாக எடுத்து வைத்திருக்கிறேன், சுஜின் பெண்டாட்டியிடம் காட்ட வேண்டும். ஏட்டி என்று எழுதினது யாரென்று எனக்குத் தெரியும். அது எங்கள் மைனி கையெழுத்து. அன்றைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வரும் வழியெல்லாம் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தார்கள். “செத்துப்போனவன் கோவிச்சுக்கவாட்டி செய்யப்போறான், சொல்லு” என்றார்கள். கல்லிடைக்குறிச்சிக்கு வேறு பஸ் பிடிக்கச் சேரன்மகாதேவியில் இறங்கும்போது கோபமாகவே இறங்கினார்கள். மறுநாள் காலையிலேயே போன் செய்து, சொல்லப்போறியா இல்லையா என்று கேட்டார்கள். நான் போனை எடுத்தேன் பார்த்தாயா. அழவும் இல்லை.

டிசம்பரில் உன் கல்யாணத்துக்கு மைனியும் நானும் வருவோம். ஷிபின் அம்மா ஞாபகம் என்று எழுதினதற்கு அடிக்காதே. கருவாட்டை விட அது மேல்தான்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. ஒரு சீட்டு மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது. எது என்று கேட்கக்கூடாது.

உன்னிடம் சொன்னால் என்ன என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. உள்ளதைச் சொன்ன பிள்ளை நீ. ஆனால் அந்தப் பேரை அவர் நான்கு பேர் முன்னால் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சுஜின் வீட்டில் இருந்தால் ஏட்டிதான். மைனி வந்தால் ஏட்டிதான். வாசல் கதவைச் சாத்திவிட்டு, நாயைத் தவிர யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார். அவ்வளவு வெட்கப்பட்ட மனுஷன். இப்போது அவர் இல்லை என்பதற்காக நான் அதை ஊரறியக் கூப்பிட்டுக் காட்டலாமா, நீயே சொல்.

இப்படிக்கு,
சுகிர்தம்